அடைப்புக்குறிக்குள் நபீல்

கண்டிப் பக்கம் குரங்குகளுக்கு அடுத்தபடியாகப் பெருகி வருகிறவர்கள் ஜேசன் பிடித்தவர்கள். பயப்படாதீர்கள், ஜேசன் என்பது பேயல்ல. ஒரு கணினி நிரல் இன்னொன்றுக்குத் தகவல் அனுப்பும் துண்டுச் சீட்டு. இடப்பக்கம் பெயர், நடுவே முக்காற்புள்ளி, வலப்பக்கம் விபரம், சுற்றிவர நெளிந்த அடைப்புக்குறி. நிரல்களுக்கு இது போதும். மனிதர்களுக்கு?

தாராளமாகப் போதும் என்பான் பல்லேகலயில் மென்பொருள் எழுதும் நபீல். சாப்பிட்டாயா என்று உம்மா கேட்டால், "சாப்பாடு: ட்ரூ, இடியப்பம்: ஆறு" என்பான். ட்ரூ என்றால் ஜேசனில் 'ஆம்'. பஸ்ஸில் "இறங்குமிடம்: குண்டசாலை" என்று எழுதி நீட்டுவான். பேச்சு வராத பிள்ளை என்று நினைத்து கண்டக்டர் சீட் பிடித்துக் கொடுத்தார். அதையும் ஜேசனின் வெற்றியாகவே எடுத்துக்கொண்டான்.

இவனுக்குத் தெல்தெனியவில் ஷஹ்மாவைப் பேசினார்கள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவள்மேல் அவனுக்கு உயிர், அதில் பொய்யில்லை. ஆனால் தரகர் கேட்ட மாப்பிள்ளை விபரத்தை ஜேசனில் அல்லவா அனுப்பினான்! 'குறைகள்' என்பதற்கு எதிரே காலிச் சதுர அடைப்புக்குறி, அதாவது ஒரு குறையுமில்லை.

பெண் பார்க்கப் போனபோது ஷஹ்மாவின் வாப்பா மஹ்மூத் அந்தத் தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன மகன், வேலிக்குள்ள வேலியா போட்டு வெச்சிரிக்கிறீங்க?"

"எந்த மெஷினும் வாசிக்கும் மாமா."

"மகள் மெஷின் இல்லயே மகன்."

ஷஹ்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "என்னய ஏன் புடிச்சிச்சு?"

நபீலுக்கு எண் தெரியும், சொல் தெரியும், ஆம், இல்லை, பட்டியல் எல்லாம் தெரியும். 'ஏன்' என்பதை எந்த இடத்தில் போடுவது? கடைசியில், "விருப்பம்: ட்ரூ" என்றான். அவள் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் தரகர் வழியாகப் பதில் வந்தது, அவனுடைய வடிவத்திலேயே, ஒரு குறி பிசகாமல். 'முடிவு' என்று எழுதி, எதிரே மேற்கோள்குறிக்குள் ஒன்றுமே இல்லை. ஊருக்கே விளங்கியது. நபீலுக்கு மட்டும் விளங்கவில்லை. "வெறுமை வேற, இல்லை வேற" என்று உம்மாவுக்குப் பாடம் எடுத்தான்.

சென்ற மாதம் ஷஹ்மாவுக்கும் மடவளை ஷப்ராஸுக்கும் நிக்காஹ் முடிந்தது. அதே கேள்விக்கு ஷப்ராஸ் அரை மணி நேரம் தலையும் வாலும் இல்லாமல் உளறினானாம். நபீலோ இன்னும் போனைப் பார்த்தபடி இருக்கிறான். இல்லை என்று பதில் வரவில்லையாம்.

அதுவும் சரிதானே என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? அப்படியானால் இதைக் கீழே வைத்துவிட்டு, உங்களிடம் 'ஏன்' என்று கேட்டுவிட்டு வீட்டில் யாராவது காத்திருக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள்.