மாப்பிள்ளைக் குதிரை

மூன்றாவது முறையும் ஜமீன் என்கிற அந்த ஆண் குதிரை, பெட்டைக் குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுவிட்டது.

குதிரைக்காரன் காத்தவராயனுக்கு மானமே போயிற்று. பெற்ற பிள்ளை பரீட்சையில் வெறும் தாளை நீட்டிவிட்டு வந்திருந்தால்கூட இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டான்.

"இன்னாங்க இது? அந்தச் செவுத்துல சினிமாவா காட்டறாங்க?" என்று கேட்டார் பொன்னுசாமி.

பொன்னுசாமி சந்தவாசல்காரர். தன் செவலைப் பெட்டையை ஜட்காவில் பூட்டிக்கொண்டு, மனைவி அம்மணியையும் ஏற்றிக்கொண்டு, காலையிலேயே ஆரணிக்கு வந்து இறங்கியிருந்தார். மட்டக் குதிரைதான், ஆனால் சுறுசுறுப்பானது. அதற்கு ஜமீன் மூலமாக ஒரு குட்டி வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. ஜமீன் அப்படிப்பட்ட குதிரை. நல்ல உயரம், பால் வெள்ளை, ஜரிகை போட்ட பட்டுத் துணியை முதுகில் விரித்துவிட்டால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு எல்லாரும் குதிரையைத்தான் பார்ப்பார்கள்.

பன்னிரண்டு வருஷமாக ஆரணியிலும், தேசூர், தேவிகாபுரம், சந்தவாசல் பக்கத்திலும் எத்தனையோ மாப்பிள்ளைகளை அது சுமந்திருக்கிறது. இப்போது மாப்பிள்ளைகளுக்குக் குதிரை பிடிக்கவில்லை. பூ ஜோடித்த அம்பாசடர் கார் கேட்கிறார்கள். இந்த வைகாசியில் ஒரு முகூர்த்தத்துக்குக்கூட ஜமீனை யாரும் கூப்பிடவில்லை. தின்பதை மட்டும் அது குறைத்துக்கொள்ளவில்லை. காத்தவராயன் பெண்டாட்டி பாஞ்சாலை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, செங்கல் சூளை தருமனிடம் விலை பேசி முடித்துவிட்டாள். இன்றைக்குச் சாயங்காலம் அவர் கயிறோடு வருவார். சூளையில் மண் வண்டி இழுக்கிற குதிரை இரண்டு வருஷம் தாங்கினாலே அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். அதை நினைத்து நினைத்துக் காத்தவராயனுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

அப்போது தோன்றிய யோசனைதான் வாசலில் தொங்குகிற இந்தப் போர்டு. 'ஜாதி ஆண் குதிரை இனச்சேர்க்கைக்கு விடப்படும். மட்டக் குதிரைக்கும் உண்டு.' எழுதிக் கொடுத்தவன் ஓட்டல்களுக்குப் போர்டு எழுதுகிறவன். கை பழகிய தோஷம், கீழே 'அனைவரும் குடும்பத்துடன் வருக' என்றும் சேர்த்துவிட்டான்.

இந்த ஒரு பெட்டை மட்டும் சினை பிடித்துவிட்டால் பாஞ்சாலை சூளைக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவதாக ஒத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் அதற்குச் சாட்சி வேண்டும், பொன்னுசாமி தன் வாயால் 'ஆச்சு' என்று சொல்ல வேண்டும்.

பெட்டையை அவிழ்த்ததும் நடந்த முதல் காரியம், பெண்களைத் துரத்தியது. இந்த மாதிரி சமாச்சாரத்தில் பெண்கள் கண்ணில் படக்கூடாது, காதிலும் விழக்கூடாது. எதற்காக ஆரணிக்கு வந்திருக்கிறோம் என்பதே அம்மணிக்கு வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அவள் புருஷனின் துண்டைப் பிடித்து இழுத்து, "ஏங்க, ஒரு பேச்சு கேளுங்களேன்" என்றாள்.

"பொம்பளைக்கு இங்க இன்னா பேச்சு? அந்தாண்ட போ."

பாஞ்சாலையும் அம்மணியும் தெருக்கோடிக் குழாயடிக்குப் போய், இந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்துகொண்டார்கள்.

"எம் பெட்டைக்கு ஒரு குறையும் இல்லீங்க" என்றார் பொன்னுசாமி. "பொஞ்சாதி போடற தீனி அப்படி. வயித்தைப் பாருங்க, எப்படி தளதளன்னு கீது. உங்க குதிரைக்குத்தான் எதுனா கோளாறு."

அந்த வார்த்தை காத்தவராயனைச் சுட்டது. உள்ளே ஓடி, வேகவைத்த கொள்ளில் ஆறு முட்டையை உடைத்து ஊற்றி, வைத்தியர் ஒருவர் மனுஷர்களுக்காகக் கொடுத்த லேகியத்தை டப்பாவோடு வழித்துப் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். ஜமீன் மிச்சம் வைக்காமல் தின்றது. பிறகு அதன் வயிற்றுக்குள் இடி இடிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் நம்பிக்கையோடு காத்திருந்தார்கள். ஜமீன் ஏராளமாக லத்தி போட்டுவிட்டு, கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தது.

சரி, பெட்டையையாவது பக்கத்தில் தள்ளலாம் என்று தள்ளினார்கள். பெட்டைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, பின்னங்காலைத் தூக்கி விட்ட உதையில் கொட்டகைக் கால் ஒடிந்து, கூரை அப்படியே ஜமீன் மேல் உட்கார்ந்தது. ஜமீன் ஓலையைத் தலையில் போட்டுக்கொண்டு மறுபடியும் சுவரைப் பார்த்தது.

இதையெல்லாம் பக்கத்து வீட்டு மதில் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் வேலு. பாண்டு செட்டில் டிரம் அடிப்பவன்.

"நீ தப்பு பண்ணிகினு கீறே காத்தவராயா" என்றான் வேலு. "பன்னெண்டு வருஷமா பாண்டு இல்லாம இந்தக் குதிரை எந்த நல்ல காரியத்தையாவது பார்த்திருக்குதா?"

காத்தவராயனுக்குப் பொறி தட்டியது. ஜமீனைப் பழக்கியதே அவன்தான். பாண்டு முழங்கினால்தான் அது அடி எடுத்து வைக்கும். பாண்டு நின்றால் நடுரோடாக இருந்தாலும் நின்றுவிடும். மண்டப வாசலில் ஆரத்தி எடுத்து, மாப்பிள்ளை இறங்கினால்தான் வீட்டுக்குத் திரும்பும். வெல்லக் கட்டி கொடுத்துக் கொடுத்துப் பழக்கிய பழக்கம் அது.

அரை மணியில் சிவப்புச் சட்டைக்காரர்கள் எட்டுப் பேர் கொல்லையில் வந்து நின்றார்கள். டிரம்பெட் கிளம்பியதும் ஜமீனின் காது இரண்டும் நிமிர்ந்தன. கழுத்து வளைந்தது. ஒரு காலைத் தூக்கி ஆடியது. காத்தவராயன் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு, ராசிக்கு இருக்கட்டும் என்று பட்டுத் துணியையும் அதன் முதுகில் போட்டான்.

ஜமீன் ஆடிக்கொண்டே வந்தது. பெட்டையை நெருங்கியது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டி, வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, கல்யாண மண்டபத்தைப் பார்த்து நடந்தது.

பாண்டை நிறுத்தச் சொல்லிக் கத்தினான் காத்தவராயன். நிறுத்தினார்கள். ஜமீன் நடுரோட்டில் நின்றது. தேவிகாபுரம் பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். வேறு வழியில்லாமல் மறுபடி வாசிக்கச் சொன்னான். பஸ்ஸும் பின்னாலேயே ஊர்வலமாக வந்தது.

கோட்டைப் பக்கத்து மண்டபத்தில் அன்றைக்கு ஒரு கல்யாணம். பட்டு நெசவுக்காரர் வீட்டுப் பெண். மாப்பிள்ளை காருக்காக ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றிருந்த பெண்கள், பாண்டும் குதிரையும் வருவதைப் பார்த்துக் குழம்பிப் போனார்கள். குதிரை மேல் ஆளைக் காணோம். மாப்பிள்ளை வழியில் விழுந்துவிட்டாரா என்று ஒரு கிழவி கேட்டு, உள்ளே அழுகுரல் கிளம்பிவிட்டது.

ஆரத்தி எடுத்து ஆள் இறங்காமல் ஜமீன் அசையாது. இறங்குவதற்கு முதலில் ஆள் ஏற வேண்டும். காத்தவராயன் பனியனோடு குதிரை மேல் ஏறினான். பாதி வழுக்கை, நாலு நாள் தாடி. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த கல்யாணப் பெண், "இந்த ஆளா?" என்று கேட்டுவிட்டு மயங்கி விழுந்தாள்.

அந்த நேரம் பார்த்து நிஜ மாப்பிள்ளையின் கார் வந்தது. அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம். பெண்ணின் மாமா, தொலைந்து போகட்டும் என்று தன் கையாலேயே ஒரு ஆரத்தியைச் சுற்றிக் கொட்டி, காத்தவராயனைச் சட்டென்று கீழே இழுத்துப் போட்டார். ஜமீன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பியது.

வீட்டில் தருமன் கயிறோடு நின்றிருந்தார். பக்கத்தில் பாஞ்சாலை. புருஷன் மண்டபத்தில் ஆரத்தி எடுத்துக்கொண்ட சேதி அவனுக்கு முந்தியே குழாயடிக்கு வந்து சேர்ந்திருந்தது. அவள் கொட்டகையைக் காட்டி, தருமனைப் பார்த்து, அவிழ்த்துக்கொள்ளச் சொல்லிக் கையசைத்தாள்.

பொன்னுசாமிக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. போளூர், ஆரணி, எல்லா ஜட்கா ஸ்டாண்டிலும் இதைச் சொல்லப்போவதாகச் சத்தியம் செய்தார். இது குதிரையே இல்லை, மன்னார்சாமி கோயில் வாசலில் நிற்கிற மண் பொம்மை என்றார். போர்டும் போயிற்று, பேரும் போயிற்று.

காத்தவராயன் ஜமீனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல் அழுதான். பட்டுத் துணியைத் தானே எடுத்து மடித்தான். "இதுக்குக் கொஞ்சம் வெல்லம் குடுங்க, அது போதும்" என்று தருமனிடம் சொன்னான். தருமன் ஜமீனின் கழுத்தில் கயிற்றை மாட்டினார்.

பொன்னுசாமி ஜட்காவைப் பூட்டப் போனார். அம்மணி கை படாமல் பெட்டை வண்டிக்கு வராது. அதனால் குழாயடியில் இருந்தவளை, "ஜல்தி வா" என்று கூப்பிட வேண்டியதாயிற்று.

அம்மணி வந்தாள். அழுகிற காத்தவராயனைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். பெட்டையின் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஆண்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"அதைக் கொண்டு போவாதீங்க, பாவம், இந்தப் பெட்டை ஏழு மாச சினைங்க. ஐப்பசியில எங்க தெருவு கல்யாணத்துல நீங்க ஆம்பளைங்கல்லாம் பந்தியில குந்திகினு இருந்தப்போ, கட்டை அவுத்துகினு எங்க கொட்டாய்க்கு வந்தது இந்தக் குதிரைதாங்க."