கூப்பிடு தூரத்தில் ஒரு கிளை

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. காட்டுக்கு எதற்குக் கல்லூரி என்று கேட்காதீர்கள். கட்டிவிட்டார்கள், அட்மிஷனும் போட்டுவிட்டார்கள்.

குமுதவல்லி என்ற தேவாங்கு அங்கே முதலாம் ஆண்டு சேர்ந்தாள். கல்லூரி வாசலை ஒட்டி நின்ற அத்திமரத்தில் ஒரு கிளையை வாடகைக்குப் பிடித்தாள். மணி அடித்த பிறகு இறங்கினால்கூட வகுப்புக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள். தான் ஒரு தேவாங்கு என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள்.

வாசலிலேயே வீடு இருந்தால் அது வீடே இல்லை, வெயிட்டிங் ரூம். முதலில் சொக்கன் என்ற குரங்கு வந்தான்.

"ஏய் குமுது, உன் வீடு பக்கத்துலதானே? பையை வெச்சிட்டுப் போறேன்."

பைக்குப் பின்னால் டிபன் பாக்ஸ் வந்தது. டிபன் பாக்ஸுக்குப் பின்னால் சொக்கனின் மொத்த கேங்கும் வந்தது. குமுதவல்லிக்கோ ராத்திரி முழுக்க விழித்திருக்கிற உடம்பு. விடிந்து கொஞ்சம் கண்ணை மூடினால், "குமுது, தண்ணி இருக்கா?" என்று காலைப் பிடித்து ஆட்டுவார்கள். தூங்காமல் தள்ளாடி இறங்கி, வகுப்பு வாசலை அவள் எட்டும்போது அட்டெண்டன்ஸ் முடிந்திருக்கும்.

அட்டெண்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். முதல் வருஷத்தையே திரும்பப் படிக்க வேண்டும். சொக்கன் அப்படித்தான் மூன்றாவது தடவையாக முதல் வருஷத்தில் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் குமுதவல்லி தன் அட்டெண்டன்ஸை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

இனி இங்கே சரிப்படாது, கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்று வீட்டு புரோக்கர் நரியிடம் போனாள்.

"அண்ணே, அமைதியாவும் இருக்கணும், ரொம்பத் தூரமாவும் இருக்கக் கூடாது."

"இருக்கே தங்கச்சி! ஆத்துக்கு அந்தப் பக்கம் புளியமரம். காலேஜ்ல இருந்து கூப்பிடு தூரம்."

"நெஜமாவா?"

"கூப்பிட்டா கேக்கும். கேக்கலேன்னா என்னை நரின்னே சொல்லாத."

அவள் தலையாட்டினாள். மூட்டையைக் கட்டி முடிப்பதற்குள் அவள் கிளையில் சொக்கன் குடியேறிவிட்டான்.

ஆற்றைத் தாண்டினார்கள். பாறையைத் தாண்டினார்கள். மூங்கில் காட்டைத் தாண்டியபோது, குமுதவல்லி புறப்பட்டது எந்த நாள் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கடைசியில் புளியமரம் வந்தது.

"அண்ணே, இதுவா கூப்பிடு தூரம்?"

"யாரு கூப்பிடுறாங்கன்னு நீ கேக்கவே இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டு நரி போய்விட்டான்.

திரும்பிப் போனால் கிளை இல்லை. இங்கே இருந்தால் அட்டெண்டன்ஸ் இல்லை. புளியமரத்தில் தொங்கியபடி அழுதாள். மறுநாள் காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் கிளையைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் ஆற்றைத் தாண்டி ஒரு குரல் வந்தது.

"குமுதவல்லி!"

அது பேராசிரியர் வேழமுத்து. யானை. பொதுக்கூட்டத்தில் பேசுகிற மாதிரிதான் வகுப்பில் பேசுவார். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

பழக்க தோஷத்தில் குமுதவல்லி, "உள்ளேன் ஐயா" என்று முனகினாள். பக்கத்துக் கிளையில் இருந்த ஓணானுக்கே அது கேட்கவில்லை. ஆனால் வேழமுத்துவின் காது முறம் அளவு.

"சரி, உட்காரு."

அவள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

பாடமும் முன் பெஞ்சில் இருப்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. பாதியில் தூங்கிப்போனாள். யாரும் சாக்பீஸ் எறியவில்லை. நாளைக்கு நேர்மையாகப் போய்விட வேண்டும் என்று நினைத்தாள். தினமும் நினைத்தாள். நினைத்துக்கொண்டே புரண்டு படுத்தாள்.

வருஷக் கடைசியில் வேழமுத்து பதிவேட்டை வாசித்தபோது, வகுப்பிலேயே குமுதவல்லிக்குத்தான் அட்டெண்டன்ஸ் அதிகம். சொக்கன் மறுபடியும் மாட்டிக்கொண்டான். வாசலில் குடியிருந்தால் ஊரே வீட்டுக்கு வராமல் என்ன செய்யும்? அவன் மூச்சிரைக்கப் புளியமரத்துக்கு வந்து சேர்ந்தான்.

"அடியே, நீ வகுப்புப் பக்கமே வரல! நான் காலேஜ் வாசல்லயே கிடக்கேன். எனக்கு அட்டெண்டன்ஸ் இல்ல, உனக்கு மட்டும் எப்படி?"

குமுதவல்லி நடந்ததைச் சொன்னாள். சொக்கன் தலையைச் சொறிந்தான்.

"மேல அந்தக் கிளை காலியா இருக்கா?"

"இருக்கு. ஆனா உன் பையை என் கிளையில வைக்காத."

அடுத்த வருஷம் மொத்த வகுப்பும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோனது. ஒருநாள் பிரின்சிபால் கரடி வராந்தா வழியாக வந்து, வகுப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, ஒரு ஈ காக்கா இல்ல?"

வேழமுத்து தலை நிமிராமலே பதிவேட்டை நீட்டினார். எல்லாப் பெயருக்கும் நேரே டிக் இருந்தது.

"எல்லாரும் இருக்காங்க சார். என்ன அமைதி பாருங்க! இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஒழுக்கமான வகுப்பு எனக்கு அமைஞ்சதே இல்ல."

கரடி பதிவேட்டைப் பார்த்தார். பெஞ்சுகளைப் பார்த்தார். மறுபடி பதிவேட்டைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நீதி: வீடு தேடும்போது கல்லூரி எவ்வளவு தூரம் என்று பார்க்காதே, வாத்தியார் காது எவ்வளவு பெரிசு என்று பார்.