வீடு பார்க்க வந்த சொந்தங்கள்

கோம்பை மேற்குத் தெருவில் வசிக்கும் மரியாதைக்குரிய மச்சான் அழகுமலை அவர்களுக்கு, தேனி அல்லிநகரத்தில் வசிக்கும் தங்கள் தங்கை வீட்டுக்காரன் சண்முகராஜ், சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் இல்லாமலும் எழுதிக்கொடுக்கும் கடிதம் என்னவென்றால்:

இங்கே நானும் தங்கள் தங்கை நாகஜோதியும் உடல் அளவில் சுகம். அங்கே தாங்களும் அக்காவும், போன தடவை என் வேட்டியைப் பிடித்த தங்கள் நாயும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மன அளவில் சுகமா என்றால், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் இந்த வீட்டில் எங்கே நின்று போன் பேசினாலும் மாடிப்படி வழியாக மூன்று நிலைக்கும் கேட்கிறது. கட்டுமானம் அப்படி.

விஷயம் இதே வீட்டைப் பற்றியதுதான். கீழே ஹாலும் அடுப்படியும், நடுவில் இரண்டு படுக்கையறை, உச்சியில் யாரும் ஏறாத ஓர் அறை. என் மூட்டு நடு நிலையோடு ராஜினாமா செய்துவிட்டது. இந்த அடுக்ககத்தில் மற்ற குடித்தனங்களுக்கெல்லாம் பால்கனி, எங்களுக்கு மட்டும் பக்கத்தில் இரண்டு சென்ட் மண். அதில் தங்கள் தங்கை முருங்கை, கறிவேப்பிலை, அவரைப் பந்தல், கம்பத்திலிருந்து குச்சி வாங்கி வந்து வைத்த பன்னீர் திராட்சைக் கொடி என்று ஒரு பஞ்சாயத்தே நடத்துகிறாள். மகன் சூரியபிரகாஷ் என்ன சொன்னான் என்றால், "அப்பா, வீட்டை வித்துட்டு ரெண்டு பேரும் கோயம்புத்தூர் வந்துருங்க, பத்தாவது மாடியில உங்களுக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கியிருக்கோம், பேத்தியோட இருங்க" என்றான். பேத்தி என்றதும் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவனே "விசாலமான மூன்று நிலை அடுக்கக வீடு, தனித் தோட்டத்துடன் விற்பனைக்கு" என்று படத்தோடு விளம்பரமும் போட்டுவிட்டான். தங்கள் தங்கையிடம் சொன்னேன். "சரி" என்றாள். மச்சான், அவள் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றால் பயப்பட வேண்டும் என்று கல்யாணத்தன்றே தாங்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தங்கள் அப்பா, காலஞ்சென்ற மாமா ராக்கையா போட்ட சட்டம் தங்களுக்கு ஞாபகம் இருக்கும். தென்னந்தோப்பைச் சித்தப்பா மகனுக்கு விற்று, பிறகு கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் இரண்டு குடும்பமும் கல்யாணம், கருமாதி எதிலும் முகம் பார்க்காமல் போனதும், மாமா நம் எல்லோரையும் கோயிலுக்கு இழுத்துப்போய், இனி சொந்தக்காரனுக்கு மண்ணோ வீடோ விற்பதில்லை என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யவைத்தார். புது மாப்பிள்ளையான நானும் அணைத்தேன். உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். நான் அதை மறந்தே போனேன். தங்கள் தங்கை மறக்கவில்லை.

முதலில் தரகர் பிச்சைமணி கூட்டிவந்தது திலீபன் என்ற பேங்க் ஆபீசரை. நல்ல பையன், பேங்க் லோன் கைவசம், மேல் அறைவரை ஏறி இறங்கி எல்லாம் பிடித்துப்போய்விட்டது. நான் முன்பணப் பேச்சை எடுக்கிற நேரம் பார்த்து நாகஜோதி காப்பியோடு வந்தாள். "தம்பிக்கு எந்த ஊரு?" என்றாள். "சின்னமனூரும்மா." "சின்னமனூர்ல யாரு வீடு?" "ரைஸ்மில்லுக்குப் பின்னால, முத்துப்பேச்சி மகன்." அவ்வளவுதான். "ஏலே, முத்துப்பேச்சி எனக்கு ஒண்ணுவிட்ட அக்கால்ல! அப்ப நீ எனக்கு மகன். காப்பியைக் கீழ வையி, சாப்பாடு போடுறேன்" என்று இலையைப் போட்டுவிட்டாள். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் ஒரு பை கட்டிக்கொண்டு போனவன், சாயங்காலம் போன் போட்டான். "சித்தப்பா, சித்தி சத்தியத்தைப் பத்திச் சொன்னாக. நீங்க அணைச்ச சூடத்தை நான் கெடுக்கலாமா?" அந்த முருங்கைக்காய் இன்றுவரை வாரம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, ஆளை அப்புறப்படுத்திவிட்டு விற்போம் என்று அடுத்த சனிக்கிழமை அவளைக் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு அனுப்பிவைத்தேன். "எள்ளு விளக்குப் போட்டு, ஆற அமர உட்கார்ந்து மெதுவா வா" என்றேன். அன்று வரவேண்டியவர் ஜவுளிக்கடை சுரேஷ்கண்ணன். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் மத்தியானம் ஆகியும் வரவில்லை. பிச்சைமணி வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தார். கடைசியில் ஒரு கார் வந்து நின்றது. முன்பக்கம் சுரேஷ்கண்ணன் இறங்கினார். பின்பக்கம் தங்கள் தங்கை இறங்கினாள். வீடு வாங்குகிற காரியம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று சாமி கும்பிடப் போயிருக்கிறார் மனுஷன், அங்கே வரிசையில் அவருக்கு முன்னால் நின்றது இவள். குலதெய்வத்தைக் கேட்டிருக்கிறாள், உங்கள் குலதெய்வமே அவருக்கும் என்று ஆகிவிட்டது. "என்ன மாப்ள, சௌக்கியமா?" என்று என் தோளில் கை போட்டார். மச்சான் உறவு தங்களோடு போதும் என்று இருந்தவனுக்கு அன்று முதல் இன்னொருவரும் சேர்ந்துவிட்டார். அவர் வீட்டுக் காதுகுத்துக்கு மொய் வைத்துவிட்டு வந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது மச்சான், மறைக்கவில்லை. "என்னதான்டி நெனச்சுக்கிட்டிருக்க?" என்று கத்தினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "நான் என்ன செஞ்சேன்? வந்தவகளை எந்த ஊருன்னு கேக்கக் கூடாதா? கேக்காம இருந்தா மரியாதையா?" என்கிறாள். சார்பதிவாளர் ஆபீசில் எழுத்தராக இருந்து ஊரில் பாதிப்பேர் வீட்டுப் பத்திரத்தைப் பதிந்தவன் நான். என் வீட்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தேன், பளிங்குபோல் சுத்தம். அதில் வராத வில்லங்கம் அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகையால் மூன்றாவதாக, மலைக்கு அந்தப் பக்கத்து ஆளைப் பிடித்தேன். கேரளத்து வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிற பேபிச்சன். மொழி வேறு, வேதம் வேறு, குலதெய்வமே கிடையாது. எந்த ஊர் என்று எவ்வளவு வேண்டுமானாலும் கேள் என்று நானே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மச்சான், எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். உங்கள் கடைசித் தம்பி பிறந்த வருடம் அத்தை கைக்குழந்தையோடு வண்டன்மேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போய்த் தங்கினது உண்மையா? அங்கே முதலாளி வீட்டம்மா பிரசவத்தில் படுத்த படுக்கையாகிவிட, முதலாளி பிள்ளைக்கும் அத்தைதான் பால் கொடுத்தாரா? நாகஜோதி சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த ஆள் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, "சேச்சீ, அம்மச்சி பறஞ்ஞிட்டுண்டு, பாண்டிக்காரி ஒரு அம்மையுண்டு எனிக்குன்னு" என்று, தனக்குத் தமிழ்க்காரி ஒரு தாய் உண்டென்று அவர் அம்மா சொன்னதைச் சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். இவளும் அழுதாள். பிச்சைமணியும் அழுதார், ஆனால் அது கமிஷனுக்காக. "எங்க ஆத்தா பால் குடிச்ச பிள்ளை, உடன்பொறந்தவன்தான" என்று அவள் சொன்ன பிறகு நான் என்னத்தைச் சொல்லி விலை பேசுவேன்? கேரளாவையும் சொந்தமாக்கிவிட்டாள் மச்சான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் வீடு கொள்ளாத கூட்டம். சித்தி என்கிறார்கள், அக்கா என்கிறார்கள், சேச்சி என்கிறார்கள். என்னை யாரும் கண்டுகொள்வதில்லை. பிச்சைமணியே அவளைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இனி என் வேண்டுகோள். வருகிற ஞாயிறு வினோத்ராஜ் என்ற இன்ஜினியர் வருகிறார். அவரும் அவருடைய அப்பாவும் பம்பாயிலேயே பிறந்தவர்கள். சொந்த ஊர் தெரியாது, குலதெய்வம் தெரியாது. பிச்சைமணி தீர விசாரித்துவிட்டார். கேட்ட விலைக்கும் சம்மதம். ஆனாலும் நாகஜோதியை நம்ப முடியாது. தாங்கள் சனிக்கிழமையே வந்து, அக்காவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றோ வேறு எதையோ சொல்லி, தங்கையைக் கோம்பைக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். மகனுக்குக் கொடுத்த வாக்கு தங்கள் கையில் இருக்கிறது.

இந்தப்படிக்கு மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுத்தேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். சாட்சி: என் இரண்டு முழங்கால்கள்.

தங்கள் அன்புள்ள,
சண்முகராஜ்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியது எதையும் செய்யாதீர்கள். கவரை ஒட்டுவதற்குள் அந்த வினோத்ராஜ் முன்கூட்டியே வந்து நின்றுவிட்டார். நாகஜோதி காப்பி கொடுத்தாள். "வாங்க" என்றாள். அதோடு தோட்டத்துக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று கேட்கவில்லை! கேளேன்டி, கேளேன்டி என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொள்கிறது. முந்தின நாள் பேத்தி போனில், "தாத்தா, எப்ப வருவ?" என்று கேட்டதற்கு நான், "இந்தா வந்துட்டேன்டா தங்கம்" என்று சொன்னதை மாடிப்படி அவளுக்கும் சொல்லிவிட்டது. "அவுக அம்புட்டு ஆசையாச் சொல்றாக, இனி யாரையும் கேக்க மாட்டேன்" என்று பக்கத்து வீட்டு மொக்கம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பந்தலில் காய்ந்த அவரை நெற்றைப் பறித்து, விதையை உதிர்த்து, ஒரு பழைய துணியில் முடிந்துகொண்டிருந்தாள். பத்தாவது மாடியில் எங்கே ஊன்றுவாள் மச்சான் அதை? எனக்கு அழுகை வந்துவிட்டது.

முன்பணத்துக்குச் செக் எழுத வினோத்ராஜ் பேனாவை எடுத்தார். என் வாய் தானாகத் திறந்தது. "தம்பி, உங்க தாத்தா எந்த ஊரு?" "தெரியாது சார், தேனிப் பக்கம்னு அப்பா சொல்லுவாரு." "தேனிப் பக்கம்னா கோம்பைதான்! மேற்குத் தெரு! உங்க மூக்கைப் பார்த்ததுமே நெனச்சேன். அப்ப நீங்க எனக்குத் தம்பி முறையில்ல?" என்றேன். உத்தியோக காலம் முழுக்க ஒரு பத்திரத்தில்கூட ஒரு எல்லையைத் தப்பாக எழுதாத கை மச்சான் இது. தோட்டத்திலிருந்து சத்தம் வந்தது. "ஏங்க, கோம்பை எங்க அப்பா ஊரு. தம்பி எப்படி ஆவாக? எனக்கு அண்ணன் மகன், உங்களுக்கு மருமகன். முறையைத் தப்பாச் சொல்லாதீக!" விதை முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு இலை அறுக்கப் போய்விட்டாள்.

பம்பாய்ப் பிள்ளை, "எனக்கும் ஊர் இருக்கா மாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டது. பிச்சைமணி அவருக்குப் பக்கத்துத் தெருவிலேயே வேறு வீடு பார்த்துக் கொடுக்கிறார், அதிலாவது தரகருக்குக் கமிஷன் கிடைக்கட்டும். சூரியபிரகாஷிடம் நான் பேசிக்கொள்கிறேன். லீவுக்குப் பேத்தியை இங்கே அனுப்பட்டும், மேல் அறை சும்மாதானே கிடக்கிறது. ஒரே ஒரு உதவி மச்சான். வினோத்ராஜ் ஞாயிற்றுக்கிழமை தாத்தா வீட்டைப் பார்க்க அங்கே வருகிறார். மேற்குத் தெருவில் ஏதாவது இடிந்த சுவரைக் காட்டி இதுதான் என்று சொல்லிவிடுங்கள். நாயைக் கட்டிப்போடுங்கள், வருவது உங்களுக்கு மகன் முறை.