பஸ்ஸுக்கு வாங்கிய ஏர்பிரஷ்

"தெரியாது" என்ற வார்த்தை என் வாயிலிருந்து முதன்முதலாக வந்தது இருபத்து மூன்றாம் வயதில். அது வருவதற்கு ஒரு பஸ் மோத வேண்டியிருந்தது.

யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள். எனக்குக் கல்யாணமான புதிது. சேலத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ரசீது எழுதும் வேலை. உள்ளறையில் ஒருவர் ஏர்பிரஷ் என்ற கருவியால், காற்றோடு சாயத்தைத் தெளித்துப் படங்களில் இருக்கும் அம்மைத் தழும்புகளை மறைப்பார். 'உஸ்' என்ற சத்தம் மட்டும் என் மேஜை வரைக்கும் வரும். அந்தச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த வேலையைச் செய்பவனே நான்தான் என்று மாமனார் ஊரான மல்லசமுத்திரத்தில் அளந்துவிட்டிருந்தேன். (புது மாப்பிள்ளை, வேறென்ன செய்வான்?)

மாமனாருக்குக் காடு கழனி வேலை போக ஒரே பித்து, மரத்தில் குட்டி வண்டிகள் செய்வது. அந்த வருஷம் ஒரு பஸ் செய்திருந்தார். ஒரு முழ நீளம். சக்கரம் உருளும். ஜன்னல்களுக்குள் விரல்நுனி அளவில் பதினான்கு பேர். கூரைமேல் ஒரு சேவல். அத்தனை பேருக்கும் அணில்வால் மயிரால் கண், மூக்கு எழுதி முடித்துவிட்டார். பஸ்ஸுக்குச் சிவப்பு பூசுவதுதான் பாக்கி.

"சாதா பிரஷ்ஷுல பூசுனா கோடு கோடாத் தெரியுதுங்க மாப்பிள்ளை. அந்தக் காத்துப் பிரஷ் ஒண்ணு நல்லதாப் பாத்து வாங்கியாரீங்களா?"

"அதுக்கென்னங்க மாமா!" என்றேன்.

உள்ளறைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடுமே! நேராகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பேனா மாதிரி. முதுகில் நாலு சொட்டு பிடிக்கும் கிண்ணம். இன்னொன்று துப்பாக்கி மாதிரி. அடியில் சொம்பளவு டப்பா.

"எதுக்குங்க வேணும்?"

பொம்மைக்கு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "பஸ்ஸுக்கு" என்றேன்.

"என்ன நீளமுங்க?"

"வழக்கமான நீளந்தான்."

அவர் பேனாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் பலகை போட்டு அதன்மேல் பஸ். சொந்தபந்தம் பூராவும் சுற்றி நின்றது. மைத்துனர் ஒரு லாரி டியூபில் காற்றை நிரப்பி, அதிலிருந்து நீளக் குழாய் மாட்டிக் கொடுத்தார்.

"ஆளுங்களை எடுத்து வெச்சுரலாமுங்களா?" என்று மாமனார் தயங்கிக் கேட்டார்.

"வேண்டாங்க மாமா. நம்ம கை தப்பாது."

விசையை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. உலுக்கிவிட்டு இன்னும் பலமாக அழுத்தினேன். எனக்குத் தெரிந்த 'உஸ்' இல்லை அது. எருமை தும்மின மாதிரி ஒரு சத்தம். அந்தக் காற்று தள்ளியதில் பஸ் கிளம்பிவிட்டது. (டிரைவர் மரம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.) விட்டால் மானம் போய்விடும் என்று நானும் துப்பாக்கியோடு பின்னாலேயே ஓடினேன். விசையிலிருந்து விரலை எடுக்கலாம் என்று கடைசிவரை தோன்றவே இல்லை. சேவல் பறந்தது. மாமியார் காயப்போட்டிருந்த வடகம் சிவந்தது. பஸ் மாட்டுத் தொட்டியில் மோதி நின்றபோது, உள்ளே ஒருவருக்கும் கண் இல்லை, மூக்கு இல்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைத் திட்டும் வழக்கம் கிடையாது. யாரோ இருமினார்கள். மாமியார்தான் பேச்சைத் தொடங்கினார். "செவப்பு நல்ல செவப்புங்க."

மாமனார் தொட்டியருகே குந்தி உட்கார்ந்து, ஆட்களை ஒவ்வொருவராக எடுத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க ஆரம்பித்தார். முதலில் எடுத்தது ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்ணை.

"அது யாருங்க மாமா?"

"நம்ம பாவாயிங்க. கல்யாணமாகி உங்ககூடச் சேலம் கெளம்புனாளே, அந்த பஸ்ஸுங்க இது."

பாவாயி என் மனைவி. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு ஆள் முழுச் சிவப்பில் உட்கார்ந்திருந்தான்.

"நீங்கதானுங்க" என்றார், நான் கேட்காமலே.

நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "எனக்கு இது தெரியாதுங்க மாமா. நான் ரசீது எழுதறவன்."

"அது தெரியுமுங்க. பொண்ணு குடுக்கறவன் விசாரிக்காமயா குடுப்பான்?"

"அப்புறம் ஏனுங்க என்னை வாங்கச் சொன்னீங்க?"

"இதுக்குள்ள கத்துக்கிட்டிருப்பீங்கன்னு நெனச்சனுங்க."

அடுத்த வாரம் சேலம் வந்தார். துப்பாக்கியைக் கழுவித் துடைத்து இருவருமாகக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மாமனார் முந்திக்கொண்டார்: "மாப்பிள்ளை நல்லதாத்தான் பாத்து வாங்குனாருங்க. எங்க பஸ்ஸுதான் சின்னதாப் போச்சு."

பேனாவை வாங்கித் தண்ணீர் ஊற்றி, தன் கட்டைவிரல் நகத்தின்மேல் எள்ளளவு புள்ளி ஒன்று வைத்துப் பார்த்தார். பிறகு என் நகத்தை நீட்டச் சொல்லிப் பேனாவை என்னிடமே கொடுத்தார்.

அந்த பஸ் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. பதிமூன்று பேருக்குப் புதுக் கண், புதுத் துணி. கண்ணாடி போட்ட அந்த ஒரு ஆளை மட்டும் திருத்தப் பாவாயி விடவில்லை. பேரப்பிள்ளைகள் வரும்போதெல்லாம் கேட்பார்கள், "இவரு மட்டும் ஏன் செவப்பா இருக்காரு?"

பாவாயி என் பக்கம் திரும்பாமலே சொல்வாள்: "வெக்கத்துல செவந்தவரு, சாமி. இன்னும் வெளுக்கலை."