மடக்குக்கு ஓர் இடதுகைக் கத்தி

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்தேன். ஒரு டம்ளர் காபி, முகச்சவரம், குளியல். ஏழரைக்குப் பூதலூர் ரயில் நிலையத்தில் இருந்தேன். அன்று எனக்கு அரைநாள் விடுப்பு. எனக்கு முன்பே வந்து நடைமேடையில் நின்றுகொண்டிருந்தவர் எங்கள் பாசனப் பிரிவின் லஸ்கர். மதகின் பலகையை ஏற்றி இறக்கி வாய்க்கால் கரையைக் காவல் காப்பவரை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். பணிப்பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். ‘மடக்கு’ என்றால் நிற்பார். இடுப்பில் எந்நேரமும் ஒரு மடக்குக்கத்தி இருந்ததால் வந்த பெயர்.

காவிரி பாயும் ஊர்களையெல்லாம் சலித்துப் பார்த்தாலும் கத்தியைப் பற்றி மடக்குக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்த ஆள் கிடைக்கமாட்டார். இதை முதலில் சொன்னவர் அவரே. இருபத்து நான்கு வருடம் அவரோடு வேலை பார்த்த பிறகு நானும் சொல்கிறேன்.

திருக்கடையூரில் எங்கள் பழைய கண்காணிப்பாளருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. பந்தியில் சோற்று வாளியோடு வந்தவரைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, மடக்கு வாழையிலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

“நார் தொங்குது பாருங்க. இத அறுத்தாங்களா, கடிச்சாங்களா?”

எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். இலை நறுக்கிய கத்தியைக் கேட்டு வாங்கி, கருங்கல் படியில் உட்கார்ந்து தீட்டினார். அவர் திரும்பி வந்தபோது நாங்கள் பாயசத்தில் இருந்தோம். அவர் இலையில் வேறு யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பந்திக்குக் காத்திருந்து, புதிய இலையின் ஓரத்தைத் தடவிப் பார்த்த பிறகே உட்கார்ந்தார்.

2023 ஜூன் மாதம் அவருக்கு லேசான பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு விரலைக் காட்டி, “இது எத்தனை?” என்றார்.

“ரெண்டு. பிளாஸ்திரி வெட்டுன கத்திரிக்கோல்ல ஆணி தளந்திருக்கு. அத மொதல்ல முறுக்கச் சொல்லுங்க.”

நினைவு தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

பேச்சும் நடையும் தப்பின. வலது கட்டைவிரல் தப்பவில்லை. தொட்டால் தெரியாது, மடக்கினால் மடங்காது. பத்தொன்பது வருடம் வைத்திருந்த கத்தியின் அலகை நகத்தால் கிளப்பித்தான் திறக்கவேண்டும். அதை அவர் பல்லால் திறப்பதை ஒருநாள் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். இருவரும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டோம்.

லஸ்கருக்கு மடக்குக்கத்தி ஆடம்பரமில்லை. தண்ணீர் வரும்போது கிழிந்த வலை, சாக்கு, ஆகாயத்தாமரை வேர் எல்லாம் மதகுப் பலகை ஏறி இறங்கும் காடியில் வந்து சுற்றிக்கொள்ளும். குறுக்குப் பலகையில் குப்புறப் படுத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அறுத்தெடுக்கவேண்டும். அரிவாளை அந்த இடுக்கில் விட முடியாது. கத்தியைத் திறக்க இருப்பது ஒரே கை. வலது கை இனி கம்பியைக் கட்டிக்கொள்ளும், இடது கையால் அறுப்பேன் என்றார் மடக்கு. அதை நேரில் பார்த்து முடிவு செய்வதாக உதவிப் பொறியாளர் சொல்லிவிட்டார். வியாழன் மாலை நான்கு மணி, மதகில். பிரிவின் எழுத்தர் என்பதால் அறிக்கை எழுத நான் உடன் வரவேண்டும். சரியில்லை என்றால், ஓய்வு பெற இருக்கும் இரண்டு வருடமும் அலுவலக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்கள் பெயரை எழுதவேண்டும்.

“நாக்காலியில உக்கார வச்சா மூணு மாசத்துல போய்ச் சேந்துருவேன் சார்” என்று ரயிலில் சொன்னார். அவர் எதையும் கூட்டிச் சொல்பவர். இதைக் கூட்டிச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இடது கையால் திறக்கும் கத்தி தேடித்தான் தஞ்சாவூர் போனோம். முதல் கடை, இரும்புச் சாமான் கடை. கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து விரித்தார். “அண்ணே, இதுல பதினோரு ஐட்டம் இருக்கு. ஸ்பூன் இருக்கு, திருப்புளி இருக்கு, பாட்டில் ஓப்பனர் இருக்கு…”

“கத்தி எங்க இருக்கு?”

கடைக்காரர் தேடிக் காட்டினார். மடக்கு அலகை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். ஆடியது. “பத்து பேரு குடியிருக்குற வீட்ல எவனும் கூரை மாத்த மாட்டான்” என்று சொல்லி வெளியே வந்துவிட்டார்.

இரண்டாவது கடையில் கறுப்புக் கத்தி ஒன்று இருந்தது. அலகில் மண்டையோடு வரைந்திருந்தது. மடக்கு அதைத் திறந்து, காதோரம் வைத்து மூடினார், மறுபடி திறந்தார். பூட்டு விழும் சத்தம் ஒரே சத்தமாக இருக்கவேண்டும், இரண்டாகக் கேட்டால் உள்ளே இடைவெளி என்று பொருள். ஒன்றாகவே கேட்டது. நான் நம்பிக்கையோடு குறித்துக்கொண்டேன். அவர் பூட்டைச் சுட்டிக்காட்டினார்.

“இது பக்கவாட்டுப் பூட்டு. வலது கட்டவிரலு வச்சு நெம்புறவனுக்குப் பண்ணுனது. எனக்கு மூடறதுக்கு ஒரு ஆளு வேணும்.” பிறகு அலகின் முதுகை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். கத்தி பட்டென்று மடங்கியது.

“விரலு போயிருக்கும்” என்றார்.

“யாருண்ணே கத்திய முதுகுல போட்டுத் தட்டுவாங்க?” என்றார் கடைக்காரர்.

“தண்ணி தட்டும் தம்பி.”

மூன்றாவது கடையில் வலையும் தூண்டிலும் விற்றார்கள். கடைக்காரப் பெண்மணி கடலோர மீனவக் குடும்பத்தவர், கணவர் படகுக்குப் போகிறவர் என்று பேச்சில் தெரிந்தது. மடக்கு தேவையைச் சொன்னார். அந்த அம்மாள் அவருடைய வலது கையைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கத்தியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“கையில குடுக்காம கீழ வக்கிறீங்களே, வெவரமானவங்கதான்” என்றார் மடக்கு. கத்தியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கையில் வாங்கினால் பகை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மடக்கு அதை மீறி நான் பார்த்ததில்லை.

“உங்கள மாதிரி ஆளோட பகைச்சிக்கிட்டா கடைய நடத்த முடியுமாண்ணே?” என்றார் அந்த அம்மாள்.

பார்க்க ஒன்றுமில்லாத கத்தி. அலகில் கட்டைவிரல் நுழைய ஒரு துளை, எந்தக் கையாலும் தள்ளித் திறக்கலாம். பூட்டு பிடியின் முதுகில் இருந்தது. அடியில் கயிறு கோக்க ஓட்டை. மடக்கு ஆட்டிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார், முதுகில் தட்டிப் பார்த்தார். அப்புறம் பையிலிருந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்தார். முதல் நாள் இரவே வாய்க்கால் தண்ணீரில் ஊறப்போட்ட நைலான் கயிறு. என் குடிநீர் பாட்டிலை வாங்கித் தன் இடது கையிலும் பிடியிலும் ஊற்றிக்கொண்டார்.

“காஞ்ச கயித்த ரம்பப்பல்லு உள்ள எதுவும் அறுக்கும். ஈரக்கையி, ஈரக்கயிறு. அதுலதான் தெரியும்.”

பத்து துண்டு அறுத்தார். பதினோராவதாக என் செய்தித்தாளின் ஓரத்தை அறுத்தார். நூல் பிடித்தாற்போல் வந்தது.

“என் கடையில வெள்ளம் வந்துருச்சு” என்றார் அந்த அம்மாள், மேசையைத் துடைத்தபடி.

மாலை நான்கு மணிக்கு மதகுக்குப் பொறியாளர் வந்தார். முப்பது வயதிருக்கும் பெண். பலகையின் காடியில் ஒரு வலைத்துண்டு சுற்றியிருந்தது, வைத்துக் கட்டினாற்போல. மடக்கு கத்தியின் கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டு குப்புறப் படுத்தார். வலது முழங்கை கம்பியை அணைத்தது. இடது கட்டைவிரல் துளையில் நுழைந்தது. ‘டக்’ என்று ஒரே சத்தம். ஒருமுறை கத்தி கையிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது. அவர் அதை இழுத்துப் பிடித்து மறுபடி அறுத்தார். பதினோரு நிமிடத்தில் வலை முழுவதும் கரைக்கு வந்தது.

அவர் எழுந்து வந்ததும் பொறியாளர் கையை நீட்டினார். “வலது கையால அந்தக் கத்திய எங்கிட்ட குடுங்கண்ணே.”

மடக்கு கத்தியை மூடினார். நீட்டிய கையைப் பார்த்தார். குனிந்து, சிமெண்டுக் கட்டையின்மேல் வைத்தார்.

“கையில குடுங்க.”

“வச்சிட்டேங்க மேடம். எடுத்துக்குங்க.”

பொறியாளர் முகம் வாடியது. என் பக்கம் திரும்பினார். “எழுதிக்குங்க சார். வலது கையால பொருள நீட்ட முடியல.”

இருபத்து நான்கு வருடத்தில் மேலதிகாரி சொன்ன எதையும் நான் எழுதாமல் இருந்ததில்லை. அன்று பேனா நகரவில்லை. மடக்கு வாயைத் திறக்கமாட்டார் என்றும் தெரிந்தது. கை முடியவில்லை என்று நினைத்தாலும் நினைக்கட்டும், அதிகாரி கையில் கத்தி கொடுப்பதில்லை என்று நின்றார்.

“இல்லீங்க மேடம்” என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. “அவரு கத்திய யாரு கையிலயும் குடுக்க மாட்டாருங்க. பகை வந்துரும்னு. வேற எதையாவது கேளுங்க, குடுப்பாரு.”

பொறியாளர் சிமெண்டுக் கட்டையின்மேல் கிடந்த கத்தியைப் பார்த்தார். பிறகு, “எங்க அம்மாவும் அருவாமணையக் கீழ வச்சுத்தான் தள்ளிவிடும். நாந்தான் மறந்துட்டேன்” என்றார். மதகைத் திருகும் இரும்புக் கைப்பிடியைக் காட்டி, “அதக் குடுங்கண்ணே” என்றார்.

கனமான இரும்பு. மடக்கு அதை நான்கு விரலால் வளைத்து எடுத்தார். கட்டைவிரல் வெளியே தனியாக நின்றது. பாரத்தில் கை தாழ்ந்தது, ஆனால் நீண்டது. பொறியாளர் அவசரமாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“கரை வேலையிலயே இருங்க. தண்ணி பெருகுற நாள்ல மட்டும் தனியா எறங்கக் கூடாது. கூட ஒரு ஆளு போடுறேன்.”

இதை உடனே எழுதினேன்.

ஜீப் போன பிறகு மடக்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இருவத்தி நாலு வருஷமா மடக்கியே வச்சிருந்தீங்க. பரவால்ல சார், துரு ஏறல” என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக, காபிகூடக் குடிக்காமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. எதிர்க்கரையில் நின்று, அவர் இடது கையால் கொடி அறுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கூப்பிடாமல் திரும்பி வந்தேன்.