உச்சந்தலைக் களிம்புக்காரர்

வழுக்கை விழுந்தவர்களில் இரண்டு வகை உண்டு. விழுந்தது விழுந்ததுதான் என்று சீப்பை யாருக்காவது தானம் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் முதல் வகை. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதனால் விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது இரண்டாம் வகையை. எப்போதோ ஒரு களிம்பால் எங்கோ ஓர் இடத்தில் நாலு முடி முளைத்துவிட, அன்றிலிருந்து ஊரார் தலையெல்லாம் தன் பொறுப்பு என்று கிளம்பிவிட்ட மகானுபாவர் இவர். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார். அங்கே இல்லையென்றால் உங்கள் வீட்டில் இருப்பார்.

எனக்குத் தெரிந்த களிம்புக்காரர் ஓர் அலுவலகத்தில் தலைமைக் கணக்கர். ஒருநாள் அவருக்குக் காதின் பின்புறம் காசு அகலத்துக்கு முடி கொட்டிவிட்டது. தோல் டாக்டர் பார்த்தார்.

"இது பூச்சிவெட்டு. பயப்படாதீங்க, பூச்சியெல்லாம் இல்ல. உங்க உடம்பே முடியோட வேர்கிட்ட சண்டை போடுது, அதனால அங்க அழற்சி. இந்தக் களிம்பு அதை அமர்த்தும். பட்டாணி அளவு எடுத்து அந்த இடத்துல மட்டும் தடவுங்க."

தடவினார். முளைத்தது. டாக்டர் சொன்னதில் 'அந்த இடத்துல மட்டும்' என்பதைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆயிற்று.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமென்றால், ஒரு தலைக்கு ஒரு காசளவு இடம் போதாதா? காதுக்குப் பின்னால் விளைந்தது உச்சியில் விளையாதா? அப்பா, தாத்தா, பெரியப்பா என்று பரம்பரையே பளபளக்கும் உச்சியோடு வாழ்ந்து முடித்திருக்க, இவர் மட்டும் தன் உச்சிக்கு வந்திருப்பது அழற்சி என்று தீர்ப்பெழுதி, காலையும் மாலையும் அங்கே களிம்பு பூசி, குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கையில் இன்னொரு கண்ணாடியைப் பிடித்து, கழுத்து சுளுக்கும்வரை வளைந்து வளைந்து பார்ப்பார். பிறகு டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து மனைவியைப் படமெடுக்கச் சொல்வார்.

"இங்க பாரு, கறுப்பா ஏதோ தெரியுதுல்ல?"

"அது என் கையோட நிழல்."

"உனக்குப் பொறுமையே இல்ல. அதுவும் ஒருவித அழற்சிதான்."

மேலாளர் கத்தினாலும் அழற்சி; லிஃப்ட் பாதியில் நின்றாலும் எங்கோ அழற்சி. அலுவலகத்தில் மதிய வேளையில் யாராவது சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் குனிந்தால் போதும், பின்னாலிருந்து குரல் வரும்: "சார், அப்படியே அசையாம இருங்க." விரலால் முடியை விலக்கி, 'ச்சு ச்சு' என்று கொட்டி, "எனக்குக் கேட்டுச்சு, உங்களுக்குக் கேக்காதா? தடவித்தான் பாருங்களேன்" என்று சட்டைப் பையிலிருந்து குழாயை எடுப்பார். பாதிச் சாப்பாட்டில் தலையை இழுத்துக்கொள்ளவும் முடியாது, கொடுக்கவும் முடியாது.

இதுவரை சிரித்துவிட்டோம். இனிதான் வம்பு.

அவருடைய மைத்துனனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். சீப்பைக் கையில் எடுத்தால் கீழே வைக்காத பிள்ளை. அவன் தலையில் வட்டமாக ஓர் அரிப்பு.

"செதில் செதிலா உதிருது மாமா. டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடறேன்."

"நான் ஒருத்தன் இருக்கும்போது டாக்டர் எதுக்கு மாப்பிளே?"

அவன் அக்காள் குறுக்கே விழுந்தாள். "அவனுக்குக் கல்யாணம். உங்க ஆராய்ச்சியை உங்க தலையோட வெச்சுக்குங்க."

கேட்பாரா? தடவினார். சிவப்பு அடங்கியது, அரிப்பும் குறைந்தது. களிம்புக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் சில நாட்களில் வட்டம் அகன்றது. பக்கத்தில் குட்டி போட்டது. குட்டிகளெல்லாம் ஒன்று சேர்ந்தன. மாப்பிள்ளைப் பையன் வீட்டுக்குள்ளேயே தொப்பி போட ஆரம்பித்தான். செல்போனில் முகம் பார்த்துப் பேசிய பெண், "எப்பவும் ஏன் தொப்பி?" என்று கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதான்.

அக்காள் இருவரையும் இழுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனாள்.

"இது படர்தாமரை. இதுல அந்தக் களிம்பைத் தடவினா மேல சிவப்பு அடங்கும், அடியில பூஞ்சை தாராளமா பரவும். யார் குடுத்தது?"

அக்காள் கணவர் பக்கம் திரும்பினாள். விரலை நீட்டினாள்.

டாக்டர் களிம்புக்காரரின் தலையைக் குனியச் சொன்னார். வாழ்நாளில் முதன்முறையாக அவர் இன்னொருவர் முன் குனிந்தார். "பூசிப் பூசித் தோலே மெலிஞ்சுபோச்சு, உள்ள ரத்தக்குழாய் தெரியுது. இங்க அழற்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது உங்கப்பா குடுத்த வழுக்கை. நிறுத்துங்க."

மைத்துனனுக்கு மாத்திரை எழுதி, முடியை ஒட்ட வெட்டச் சொன்னார். அவன் தொப்பியைக் கழற்றிப் பெண்ணிடம் காட்டினான். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை நாள் மறைச்சீங்க? தொப்பிக்கு இது எவ்வளவோ தேவலை" என்றாளாம். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். கல்யாணப் படங்களில் மாப்பிள்ளைக்கு ஒட்டவெட்டிய தலை, முகமெல்லாம் சிரிப்பு.

களிம்புக்காரர் திருந்தினாரா என்கிறீர்களா? டாக்டரின் அறையைவிட்டு வெளியே வரும்போதே மைத்துனன் காதில் கிசுகிசுத்தார்: "மாப்பிளே, அந்த மாத்திரையில ரெண்டு மிச்சம் வெய்யி. உச்சிக்குக் கேக்குதான்னு பாப்போம்."

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு நேரம் களிம்பு, களிம்பு என்றேனே தவிர, அதன் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. 'காதுக்குப் பின்னால் நிஜமாகவே முளைத்ததாமே, பெயரைச் சொல்லித் தொலைத்தால்தான் என்ன?' என்று நடுவில் ஒரு முறையாவது தோன்றியதா?

தோன்றியதென்றால், முதலில் உச்சந்தலையிலிருந்து கையை எடுங்கள்.