ரோமில் சட்டை கழற்றிய ஒன்பது பேர்

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து ஈஞ்சக்கல் வழியாகக் கிழக்கேகோட்டைக்கு நடந்துகொண்டிருந்தேன். ஐரோப்பா பார்த்துவிட்டு வருபவன் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பானா என்று கேட்காதீர்கள். வெளியே வந்ததுமே டிராவல்ஸ் முதலாளி, "முருகா, ஃபோட்டோ கண்டு. நாளெ முதல் வரண்டா" என்று மலையாளத்திலேயே சொல்லி, நாளையிலிருந்து வரவேண்டாமென்று அனுப்பிவிட்டார். வேலை போவது எனக்குப் புதிதல்ல. ஆனால், "இதுலயாவது ஒரு வருஷம் நில்லுங்க" என்று என் மனைவி செல்வி சத்தியம் வாங்கியிருந்தாள். அந்த ஒரு வருஷம் பதினொரு நாளில் முடிந்துபோனது.

எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டு ஓடியவன் நான். கப்பலில் பாத்திரம் கழுவியிருக்கிறேன். அதனால் ஐரோப்பா எனக்கு அத்துப்படி என்று முதலாளி நம்பினார். (நான் பார்த்த ஐரோப்பா, துறைமுகச் சுவர்.) வலியசாலை அக்ரகாரத்திலிருந்து சுற்றுலா கிளம்பிய பதினெட்டுப் பேருக்கு உதவியாளாக அனுப்பினார். ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம்.

பாரிஸில் கோபுரம் பார்த்தோம். சுவிட்சர்லாந்துப் பனியில் ஆளுக்கொரு தடவை வழுக்கி விழுந்தோம். ரோமில், எங்களோடு வந்த டூர் மேனேஜருக்குக் காய்ச்சல். பெரிய தேவாலயத்துக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர் கொடுத்த ஆங்கிலத் தாளில் 'டிரஸ்', 'ஸ்ட்ரிக்ட்' என்ற இரண்டு சொற்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மீதியைப் படிப்பானேன்? பத்மநாபசாமி கோயில் வாசலைத் தினமும் கடப்பவனுக்குத் தெரியாத கட்டுப்பாடா?

பஸ்ஸிலேயே அறிவித்தேன்: "ஆம்பளைங்க எல்லாரும் சட்டையக் கழட்டி சீட்ல வச்சிட்டு இறங்குங்க. இல்லேன்னா உள்ள விடமாட்டாங்க."

ஓய்வுபெற்ற அதிகாரி மகாதேவன் சார் பூரித்துப்போனார். "பரவால்லையேடா! இங்கயும் ஆசாரம் வச்சிண்டிருக்காளே!"

அவர் மனைவிதான், "ஏன்னா, மார்ல சளி கட்டிக்கும்" என்றார்.

"சும்மா இரு. சாமி எல்லா எடத்துலயும் ஒண்ணுதான்."

என்னோடு சேர்த்து ஒன்பது பேர், மார்ச் மாதக் குளிரில், திறந்த மார்போடு வரிசையில் நின்றோம். காவலர் ஒருவர் ஓடிவந்து தன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டிக் கத்தினார். அவரும் கழற்றப்போகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் சால்வை விற்ற வங்காளதேசத்துக்காரர்தான் எனக்கு இந்தியில் விளக்கினார்: இங்கே தோளை மூடினால்தான் உள்ளே விடுவார்களாம்.

திரும்பிப் பார்த்தேன். சட்டைகளோடு பஸ் போய்விட்டிருந்தது.

சால்வைக்காரரிடம் இருந்தவை பெண்களுக்கான பூப்போட்ட சால்வைகள் மட்டுமே. ஒன்பது பேரும் போர்த்திக்கொண்டோம். மாமிகள் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தார்கள். அதற்குள் எங்கள் நுழைவு நேரம் முடிந்துவிட்டது. படம் எங்களுக்கு முன்பே திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிப் படத்தையும் காட்டினேன். திட்டுக்குக் காத்திருந்தேன். "ரோஸ் கலரு உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள். இன்றைக்கும் நான் எங்கே கிளம்பினாலும், "இன்னைக்குச் சட்டை உண்டா, இல்லையா?" என்றுதான் கேட்கிறாள்.

மறுநாள் காலை, கோயில் பக்கம் வேட்டி வாடகைக்குக் கொடுக்கும் கடையில் ஆள் தேடினார்கள். சேர்ந்துவிட்டேன். (இது மூன்றாவது வருஷம்!) அன்று முதலில் வந்தவர்கள், கழக்கூட்டம் என்ற ஊரில் வேலை பார்க்கும் ஜீன்ஸ் போட்ட ஐ.டி. பையன்கள்.

"வேட்டியக் கட்டிக்கிட்டு, சட்டையக் கழட்டி இங்க வச்சிட்டுப் போங்க."

"சரி சேட்டா" என்று மறுபேச்சில்லாமல் கழற்றினார்கள். என் வாழ்க்கையில் முதல்முறையாக, நான் சொன்னது சொன்ன இடத்துக்குப் பொருந்தியது.

அவர்களுக்குப் பின்னால் மகாதேவன் சார் நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன் சட்டையைக் கழற்றி, மடித்து, என் கையில் வைத்தார்.

"பஸ்ல அனுப்பிச்சுடாதேடா."